பையை வைத்துவிட்டுப் போங்கள்



இன்று வாசிக்கக் கேட்ட லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்புகிறார். போகிறவர்கள் கையில் என்ன கொடுத்து அனுப்புகிறார் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. பணப்பை கூடாது, வேறு பையும் கூடாது, மிதியடிகூட வேண்டாம் என்கிறார். அப்படிக் கிளம்பியவன் பொழுது சாய்ந்ததும் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டுத்தான் ஆக வேண்டும். இறைப் பராமரிப்பில் நம்பிக்கை, பயணத்தின் அவசரம் என்று விவிலிய அறிஞர்கள் இதற்குக் காரணம் சொல்வார்கள். அவை சரியானவையே. ஆனால் கேட்கிற இடத்தில் போய் நிற்கட்டும், கொடுக்கிற இடத்தில் நிற்க வேண்டாம் என்றுதான் ஆண்டவர் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார் என்று எனக்குப் படுகிறது.

அதற்கு அடுத்து வருகிற வரிசையையும் கவனியுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அமைதி வாழ்த்து. பிறகு அந்த வீட்டிலேயே தங்க வேண்டும். பக்கத்து வீட்டில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று வீடு மாறக் கூடாது. முன்னால் வைப்பதை உண்ண வேண்டும். நோயாளிகளைக் குணமாக்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் இறையாட்சி நெருங்கி வந்துவிட்டது என்று வாய் திறந்து சொல்ல அனுமதி. நம் வரிசை எப்படியிருக்கிறது? முதலில் மைக் செட், அடுத்து பிரசங்கம், அதற்கடுத்து பிரியாணிப் பொட்டலம், கடைசியில் குரூப் போட்டோ. பொட்டலம் நாம் கொண்டு போனது. அவர்கள் வீட்டில் உலை வைத்துச் சாப்பிட நமக்கு நேரமில்லை, ஆட்டோ காத்திருக்கிறது.

மறைபரப்பு என்றதும் நமக்குக் கடலும் கப்பலும் நினைவுக்கு வரும். பழக்கம் அப்படி. முத்துக்குளித்துறையில் பரதவ மக்களோடு நடந்து திரிந்த புனித சவேரியார் 1549இல் ஜப்பான் நாட்டின் ககோஷிமாவில் கரையிறங்கினார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருப்பீர்கள். சரியாக 400 ஆண்டு கழித்து, 1949இல், அதே நாட்டில் இருபது வயதுப் பெண் ஒருத்தி திருமுழுக்குப் பெற்றாள். பெயர் சதோகோ கிதாஹாரா. எலிசபெத் என்று திருமுழுக்குப் பெயர், உறுதிபூசுதலில் மரியா. அவள் எந்தக் கப்பலும் ஏறவில்லை. தன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த குப்பை பொறுக்குவோரின் குடியிருப்புக்குப் போனாள், அவ்வளவுதான். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவளை வணக்கத்துக்குரியவர் என்ற நிலைக்கு உயர்த்தினார். அவள் கதையை இன்று கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1945 மார்ச் மாதம் ஒரே இரவில் அமெரிக்க விமானங்கள் டோக்கியோவின் கிழக்குப் பகுதியை எரித்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். அங்கே பெரும்பாலும் மரவீடுகள். ஆற்றில் குதித்தவர்களும் பிழைக்கவில்லை. போர் முடிந்தபின் வீடிழந்தவர்கள், வேலையிழந்தவர்கள், போர்முனையிலிருந்து திரும்பி வந்து போக்கிடம் இல்லாதவர்கள் எல்லாரும் பூங்காவிலும் பாலத்தடியிலும் தகரத்தால் மறைத்துக் குடியேறினார்கள். அசாகுசா பகுதியில் சுமிதா ஆற்றங்கரைப் பூங்காவில் அப்படிச் சேர்ந்தவர்கள் சிலர் தெருக் குப்பையில் பழைய துணி, கண்ணாடி, இரும்பு, காகிதம் பொறுக்கிப் பிழைத்தார்கள். ஒசாவா என்பவர் தலைவர். மட்சுய் என்ற எழுத்தாளர் அவருக்குத் துணை. ஆளாளுக்குப் பொறுக்கி ஆளாளுக்கு ஏமாறுவதை விட்டு, எல்லாரும் சேர்ந்து பொறுக்கி, சேர்ந்து பிரித்து, சேர்ந்து விற்பது என்று ஒரு கூட்டுறவு அமைத்தார்கள். எறும்புபோல் உழைப்போம் என்று தங்கள் குடியிருப்புக்கு எறும்பு நகர் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சதோகோ வருவதற்கு முன்பே எறும்பு நகர் எழுந்து நின்றுவிட்டது. மறைப்பணியாளர் யாரும் வந்து அதை உண்டாக்கவில்லை.

சதோகோ வீட்டு நிலைமை வேறு. அப்பா வேளாண் பொருளாதாரப் பேராசிரியர். போர்க்காலத்தில் அவள் விமானத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். பிறகு மருந்தியல் படித்தவள். அக்கா வீட்டுக்காரருக்கு அசாகுசாவில் காலணி மொத்த வியாபாரம். குடும்பம் அங்கே குடியேறியிருந்த 1950ஆம் ஆண்டின் கடைசியில் ஒருநாள் அந்தக் கடைக்கு ஒரு துறவி வந்து நின்றார். நீண்ட தாடி, கசங்கிய அங்கி, தோளில் பழம்பை. போலந்து நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவியான அருள்சகோதரர் செனோ. புனித மாக்சிமிலியன் கோல்பேயோடு 1930இல் நாகசாகிக்கு வந்தவர். அணுகுண்டு விழுந்தபோதும் அந்த ஊரில் இருந்தவர். ஜப்பானிய மொழி கடைசிவரை அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஏழைகள் எங்கே என்று கேட்க அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரைத் தேடிக்கொண்டு போனபோதுதான் சதோகோ எறும்பு நகரைக் கண்டாள். தன் தெருவுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு ஊர் இருப்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவைக் குழந்தைகளோடு கொண்டாட ஏற்பாடு செய்தாள். பிறகு நேரம் கிடைக்கும்போதெல்லாம் வந்து பாடம் சொல்லிக் கொடுத்தாள். நம் இளையோர் இயக்கத்தில் யாராவது இவ்வளவு செய்தால் பங்குப் பேரவையில் பாராட்டிப் பொன்னாடை போர்த்திவிடுவோம்.

மட்சுய் பொன்னாடை போர்த்தவில்லை. கிறிஸ்தவம் என்றாலே அவருக்குக் கசப்பு. மிஞ்சிய நேரத்தில் வந்து மிஞ்சியதைக் கொடுத்துவிட்டு வசதியான வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்களைக் கண்டால் ஆகாது. அதை அவளிடம் நேராகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் பவுலடியாரின் ஒரு வசனத்தையும் எடுத்து நீட்டினார்: 2 கொரிந்தியர் 8:9. செல்வராயிருந்த கிறிஸ்து நமக்காக ஏழையானார் என்று பவுல் எழுதுகிற இடம். திருமுழுக்குப் பெறாதவர் திருமுழுக்குப் பெற்றவளுக்குத் திருமுகத்தை வாசித்துக் காட்டினார். ஞாயிறுதோறும் இந்தப் பீடத்தில் நின்று வாசகங்களை விளக்குகிற எனக்கு இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த வார்த்தை அவளை வெட்டியது. வீட்டுக்குப் போய் வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள். அதற்குப் பிறகு அவள் செய்தது, அந்தக் காலத்து டோக்கியோவில் பேராசிரியர் வீட்டுப் பெண் யாரும் செய்யாதது. முதுகில் கூடை மாட்டிக்கொண்டாள். கையில் இடுக்கி எடுத்துக்கொண்டாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தள்ளுவண்டியை இழுத்தபடி தெருவில் இறங்கினாள். தெரிந்தவர்கள் பார்க்கிற தெரு. மழையில் ஊறின சாக்கு, உடைந்த புட்டி, துருப்பிடித்த தகர டின். கொண்டுவந்து கொட்டி, கண்ணாடி ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், துணி ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது வருகிற வாடை, குளித்தாலும் கையை விட்டுப் போகாத வாடை. நம் காயலான் கடைப் பக்கம் ஒரு நாள் நின்று பாருங்கள், சொல்லத் தேவையிருக்காது. 1951 கோடையில் எறும்பு நகர்ப் பிள்ளைகள் ஹகோனே மலைக்குச் சுற்றுலா போனார்கள். யாரோ நன்கொடை கொடுத்து அனுப்பிய சுற்றுலாவாக அது இருக்கவில்லை. பிள்ளைகளும் அவளும் பொறுக்கிச் சேர்த்த காசில் போனார்கள்.

பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடித்துப்போனது. எறும்பு நகரின் மரியா என்று பெயர் வைத்தார்கள். அவள் இறந்த 1958ஆம் ஆண்டிலேயே திரைப்படமும் வந்துவிட்டது. எனக்கு இந்தப் பட்டத்தில் முழுச் சம்மதம் இல்லை. பணக்கார வீட்டுப் பெண் சேற்றில் இறங்கினாள் என்றால் நமக்குக் கண்ணீர் வருகிறது. அந்தச் சேற்றிலேயே வாழ்ந்து அதிலேயே கூட்டுறவு கட்டி எழுப்பியவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை. மரியாவைப் பார்த்துவிட்டு எறும்புகளை மறந்துவிடுகிறோம். அவளோ தான் எழுதிய புத்தகத்துக்கு எறும்பு நகரின் குழந்தைகள் என்றுதான் பெயர் வைத்தாள்.

அடுத்து நடந்ததைப் பலரும் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். நான் கடக்கப் போவதில்லை. உழைப்பும் குளிரும் சேர்ந்து அவளுக்குக் காசநோய் வந்தது. ஓய்வுக்கு வெளியூர் போனாள். தேறித் திரும்பி வந்தால் அவள் இடத்தில் வேறொரு பெண் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளுக்கு அவள் போதுமானவளாக இருக்கிறாள். இனி நீ தேவையில்லை என்கிறார்கள். பங்கில் பத்து ஆண்டு பாடகர் குழுவை நடத்தியவரை ஒரு மாதம் கழித்து வந்து பார்க்கச் சொல்லி, அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைக் காட்டினால் என்ன நடக்கும் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆயருக்குக் கடிதம் போகும். சதோகோ விலகிக்கொண்டாள். துறவு மடத்தில் சேரலாம் என்று ஏற்பாடு செய்தாள். கிளம்ப இருந்த வேளையில் கடும் காய்ச்சல் வந்து படுக்கையில் விழுந்தாள். அந்த வழியும் அடைந்தது.

பாடம் சொல்ல முடியாது, வண்டி இழுக்க முடியாது, மடத்துக்கும் போக முடியாது. கையில் எதுவும் இல்லாமல் எறும்பு நகருக்கே வந்து, அங்கேயே குடியிருக்க இடம் கேட்டாள். சின்ன அறை ஒன்று கொடுத்தார்கள். இறக்கும்வரை அதில்தான் இருந்தாள். கொடுக்க வந்தவள், கேட்டு வாங்கிக் குடியேறினாள். எழுபத்திரண்டு பேருக்கு ஆண்டவர் சொன்ன இடத்துக்கு, பணப்பையும் மிதியடியும் இல்லாத இடத்துக்கு, அவள் வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். வண்டி இழுத்த நாள்களைவிட இந்த நாள்களே அவளுடைய மறைப்பணியின் உச்சம். பலர் இதை ஏற்க மாட்டார்கள். வண்டியின் படம்தான் சுவரில் மாட்ட அழகாக இருக்கும்.

அதற்குள் நகராட்சியின் நெருக்கடி முற்றியிருந்தது. பூங்கா அரசு நிலம், காலி செய்யுங்கள் என்றார்கள். எறும்பு நகர்க்காரர்கள் மறியல் செய்து அடி வாங்கிக் கலைந்து போகவில்லை. நாங்கள் சேர்ந்தே போகிறோம், தொழிலும் எங்களோடு வர வேண்டும், நிலத்தை விலைக்கே கொடுங்கள் என்று பேசினார்கள். கடலைத் தூர்த்து உண்டாக்கிய ஷியோமி நிலத்துக்கு அரசு கேட்டது 2 கோடியே 50 லட்சம் யென். இவர்களால் முடிந்தது 1 கோடியே 50 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுத் தவணையில். சதோகோ படுக்கையிலிருந்து அந்தத் தொகைக்காகவே செபித்தாள். 1958 ஜனவரியில், இவர்கள் கேட்ட விலைக்கும் தவணைக்கும் அதிகாரிகள் இணங்கினார்கள். செய்தி வந்து சில நாளில், ஜனவரி 23ஆம் தேதி, சதோகோ இறந்தாள். வயது 28. ஷியோமியில் இன்று ஒரு பங்கு ஆலயம் இருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னையில் கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்டது உங்களுக்குத் தெரியும். மாடி வீடு கிடைத்தது. வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு, மீன் விற்றவர்களுக்கு, கொத்தனாருக்கு, சித்தாளுக்குப் பிழைப்பு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. பள்ளி ஆண்டின் நடுவில் தூக்கிப் போடப்பட்ட பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். அந்தக் குடும்பங்களில் நம் மக்களும் இருந்தார்கள். நேற்றுவரை ஏதோ ஒரு பங்கின் குடும்ப அட்டையில் பெயர் இருந்தவர்கள். வண்டி வந்து சாமான்களை ஏற்றியபோது அந்தப் பங்கிலிருந்து எத்தனை பேர் உடன் போனார்கள்? போய் அங்கே குடியேறிய அருள்சகோதரிகள் சிலர் உண்டு, அவர்களை நான் வணங்குகிறேன். மற்ற நாம் கிறிஸ்து பிறப்புக்கு முந்தின வாரம் கேக்கும் சேலையும் எடுத்துக்கொண்டு வேனில் போய்வந்தோம்.

நம் பங்கு எல்லைக்குள்ளேயே கால்வாய்க்கரைத் தெரு இருக்கிறது. ஆலய வாசலிலிருந்து நடந்தால் பத்து நிமிடம் ஆகாது. விடியற்காலை நாலு மணிக்குத் தோளில் கோணி போட்டுக்கொண்டு நம் வீட்டு வாசல் வழியாகப் போகிற அம்மாமார் அந்தத் தெருவிலிருந்துதான் வருகிறார்கள். நாய் குரைத்தால் நாம் விழிக்கிறோம். யார் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறோம். பால் கவரையும் அட்டைப் பெட்டியையும் அவர்கள் எடுத்துப் போவதால்தான் நம் தெரு சுத்தமாக இருக்கிறது. அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? அவர்கள் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மாடி வீட்டு டீச்சரம்மா, பேங்க் சார், கோவில் சாமி.

வின்சென்ட் தே பவுல் சபையினர் மாதந்தோறும் அந்தத் தெருவில் அரிசி கொடுப்பதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பசி அரிசியைத்தான் கேட்கும். ஆனால் அரிசிப் பை கையில் இருக்கும்வரை நம்மை உள்ளே கூப்பிட மாட்டார்கள். வாசலில் நின்று கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள், நாமும் வாசலோடு திரும்பிவிடுவோம். இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆலயத்தில் இதைப் பேசக் கூடாது என்று என்னிடம் சிலர் சொல்லியிருக்கிறார்கள், அதனாலேயே பேசுகிறேன். அவர்கள் வைப்பதை உண்ணுங்கள் என்று ஆண்டவர் சொன்னது நம் ஊரில் மிகக் கடினமான கட்டளை. கொடுக்க நமக்குச் சாதி தடையில்லை. கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். அந்த வீட்டுச் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போதுதான் சாதி எழுந்து உட்காருகிறது. கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்கொரு சுவர் எழுப்பியவர்கள் நம் தமிழ்த் திருச்சபையில் உண்டு. இப்போதுதான் சாப்பிட்டேன் அம்மா, சுகர் இருக்கிறது அம்மா, டீ குடிப்பதில்லை அம்மா என்று அந்தத் தெருவில் சொல்கிறவர்கள், வேறு வீடுகளில் இரண்டு டம்ளர் குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருக்காரர்களுக்கும் அது தெரியும். அவர்கள் கேட்பதில்லை, அவ்வளவே. சாப்பிடாமல் போய் இறையாட்சியைப் பற்றிப் பேசினால் யார் நம்புவார்கள்? ஆண்டவர் போட்ட வரிசையில் உணவு முன்னால் வருவது சும்மா இல்லை.

அங்கே போனால் திட்டு விழவும் கூடும். போன வருடம் எழுதிக்கொண்டு போனீர்களே, என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைக்கு ஏன் இடமில்லை என்று கேட்பார்கள். கேட்கட்டும். மட்சுய் திட்டியிராவிட்டால் சதோகோ கடைசிவரை நேரம் கிடைக்கும்போது வந்துபோகிற நல்ல பெண்ணாகவே இருந்திருப்பாள்.

சகோதர சகோதரிகளே, ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். இந்த மாதம் முதல் புதன்கிழமை அன்பியக் கூட்டங்களைக் கால்வாய்க்கரைத் தெருவில் வைப்பது என்று பங்குப் பேரவையில் பேசியிருக்கிறோம். அந்தத் தெருவில் ஏழு வீட்டார் தங்கள் வீட்டில் நடத்தச் சம்மதித்திருக்கிறார்கள். மாலை ஏழு மணி. செபமாலை, இன்றைய நற்செய்தி வாசகம், பிறகு அந்த வீட்டார் என்ன வைக்கிறார்களோ அது. மைக் இருக்காது, பிளெக்ஸ் இருக்காது, நான் பேசப் போவதும் இல்லை. அன்றைக்கு அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். வருகிறவர்கள் பெயரைப் பலி முடிந்ததும் உபதேசியாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பிஸ்கட் பாக்கெட், பழைய துணி, அரிசி எதுவும் யாரும் எடுத்து வர வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள், பசியோடு வாருங்கள்.